வருகையின் நோக்கம்

பதினொரு பேர். பெயர்ப்பட்டியல் மூன்று பிரதி:
ஒன்று குடிவரவுக்கு, ஒன்று சுங்கத்துக்கு,
ஒன்று என் ஈரச் சட்டைப் பைக்கு.
காங்கேசன்துறை வெளிச்சவீட்டுக்கு வடக்கே
ஆழம் போதாதென்று வெளியே நிற்கிறது கப்பல்.
உள்ளே வராத கப்பலுக்கும்
வந்த கப்பலின் படிவங்கள் எல்லாம் உண்டு.
நான் ஏஜென்டின் கிளாக்கர்.
நிரப்புகிறவன்.

மூடிக்கிடக்கும் சீமெந்து ஆலைக்கு நேரெதிரே
வேற்றுநாட்டுச் சீமெந்து வத்தையில் இறங்கும்,
வத்தை கரைக்கு வரும்.
மூடைக்கு விசா கேட்பதில்லை.
இறக்குகிறவனுக்கு விதி இருக்கிறது.
கப்பல் தட்டில் நிற்கும்வரை அவன் வெளிநாட்டில்.
நூலேணியில் இறங்கினால்?
"ஏணி கப்பலின்ரை" என்றார் அதிகாரி நிமலேந்திரன்.
வத்தையில் கால் வைத்தால்?
வத்தை வல்வெட்டித்துறைக்காரருடையது.
பேனாவை மூடினார், திறந்தார்.
"வேலை செய்யிற நேரம் நிக்கலாம்.
இருந்தா, வந்ததாப் போயிடும்."

இருக்கக் கூடாது.
எழுதிக்கொண்டேன். ஆங்கிலத்தில் சொல்லியும் வைத்தேன்.

மாசி பத்து. எங்கட ஆள் ஒருவன் காய்ச்சலென்று வரவில்லை.
கொழுக்கி கழற்றக் கப்பலிலிருந்து இறங்கினான்
தெட் நைங், பர்மாக்காரன், பட்டியலில் ஏழாவது.
ஓய்ந்ததென்று நாங்கள் நினைத்த வாடை
எதையோ மறந்துவிட்டதுபோல் திரும்பி வந்தது.
கயிறு அறுந்த சத்தம்
லோஞ்சுக்குள் இருந்த எனக்கே கேட்டது.
எங்கட ஆட்கள் இருவரும் குதித்து நீந்தினார்கள்.
அவன் குதிக்கவில்லை.
நானூறு மூடைக்கு நடுவில்
நின்றபடி மேற்கே போனான்.

கீரிமலையில் அன்றைக்கு ஓர் அந்தியேட்டி.
சாம்பலைக் கரைத்துவிட்டு நிமிர்ந்தவர்கள் பார்க்க
கடலுக்குள்ளிருந்து
சாம்பல் நிறத்தில் ஒருவன் ஏறி வருகிறான்,
இமைமயிர்கூட வெளுத்து.
ஒரு பெண் குழறினாளாம்.
ஐயர் மட்டும் மந்திரத்தை நிறுத்தவில்லை.
பிறகு, இறந்தவரின் மருமகன் துவாய் கொடுத்தார்.
தேத்தண்ணி கொடுத்தார்கள். வடை, மோதகம்.
கதிரையும் கொடுத்தார்கள்.
அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு
அப்படியே நின்றானாம்.

நான் மோட்டார்சைக்கிளில் போய்ச் சேர முக்கால் மணி.
கையில் கோப்பை. முழங்காலுக்குக் கீழே
ஈரச் சீமெந்து வெடித்து வெடித்துக் காய்கிறது.

இதே வீதியில் ஒருகாலம் என்னிடமும் பாஸ் கேட்டார்கள்.
எங்கள் வீட்டுக் கிணற்றைப் பார்த்து வர,
காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலு வரை.
கிணற்றுக்குள் ஒரு பூவரசு முளைத்திருந்தது.
அதைச் சொல்ல எங்களிருவருக்கும் பொதுவாய்
முப்பது ஆங்கிலச் சொல்கூட இல்லை;
அவற்றிலும் பாதி சரக்கு சம்பந்தப்பட்டவை.

நிமலேந்திரன் புதுப் படிவத்தோடு வந்தார்.
வந்த திகதி. வந்த மார்க்கம். வருகையின் நோக்கம்.
"நோக்கத்துக்கு என்ன போட?"
"காத்து."
"அப்பிடி ஒரு வகை இல்லை."
தொழில், உல்லாசம், தலயாத்திரை, இடைத்தங்கல் என்று
விரலால் தடவிக்கொண்டே இறங்கினார்.
எட்ட நின்ற மருமகன் சொன்னார்:
"அந்தியேட்டிக்கு வந்தவரெண்டு போடுங்கோவன்.
சாப்பிட்டும் விட்டார்."

சிரிப்பதா என்று தெரியாமல்
எல்லாரும் கடலைப் பார்த்தோம்.

கட்டம் வெறுமையாகவே போயிற்று.
நனைந்த மூடை பதினாலு;
அவற்றை வந்ததாகவே கணக்கெடுத்தோம்.
என் பிரதியில், கையொப்பத்துக்குப் பக்கத்தில்,
அவனுடைய பெருவிரல் சாம்பலாய் இறுகியிருக்கிறது.
சுரண்டினால் தாள்தான் கிழியும்.

பொழுதுபட லோஞ்சில் கொண்டுபோய் விட்டோம்.
அலை தூக்கித் தூக்கிப் போட்டது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
நூலேணி ஏறி, தட்டில் கால் வைத்து,
எங்களைப் பார்த்து
கையை உயர்த்தினான்.
பிறகுதான் இருந்தான்,
இரண்டு காலையும் நீட்டி.